துணைக்கு இருபத்தொரு பேர்

கார் ராசிபுரத்தைத் தாண்டும்போதுதான் சிவக்குமார் மறுபடி எண்ணிப் பார்த்தான். சீட்டுக்கட்டில் நாற்பத்தொரு சீட்டு இருந்தது. ஆட்ட விதிப்படி நாற்பதுக்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"ஏன் சாமி இப்படி வேர்த்துக் கொட்டுது?" முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஒருத்தரைக் கழட்டி உடணும்மா. யாரைன்னுதான் தெரியல."

"பொண்ணு பாக்கப் போற நாள்ல ஆரையும் கழட்டி உடாதே."

சிவக்குமார் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையில் வரைபடம் போடுகிறவன். பத்து நாளைக்கு முன்பு தரகர் கண்ணுசாமி வந்து, ஆட்டையாம்பட்டி சின்னண்ணனின் மகள் தனப்பிரியாவின் போட்டோவைக் காட்டினார்.

"புள்ளைக்கு ஒரு சீட்டு வெளையாட்டுன்னா உசுருங்க. காசு வெச்சு ஆடறது இல்லீங்க, சூப்பர் ஹீரோ சீட்டு. எல்லாரும் ஒரே கட்சியாச் சேந்து வில்லனை அடிக்கோணுமாம். அது தெரிஞ்ச மாப்பிள்ளைன்னா உடனே சரின்னுரும்."

போட்டோவைச் சிவக்குமார் கீழே வைக்கவே இல்லை. அன்றைக்கே சீட்டுகளுக்கு ஆர்டர் போட்டான். பட்டறையில் சாப்பாட்டு நேரமெல்லாம் வீடியோ பார்த்தான். அவள் எப்படியும் அடித்து நொறுக்குகிற ஹீரோவைத்தான் எடுப்பாள் என்று தீர்மானித்து, ஆள் சேர்க்கிற ஹீரோவைத் தனக்கு வைத்துக்கொண்டான். அது அவனுக்குப் பொருத்தமும்கூட. சிம் கார்டு வாங்கப் போனாலே கூட ஒருத்தரை அழைத்துப் போகிறவன். பறக்கும் தபால்காரர், காயம் ஆற்றும் டாக்டரம்மா, இரும்புக்கை பயில்வான் என்று இருபத்தொரு துணைவர்களைச் சீட்டுக்கட்டில் சேர்த்திருந்தான்.

அதில் ஒருவரையும் விட மனசு வரவில்லை. துணைவர்களைக் களத்தில் இறக்குவதற்குச் செலவழிக்கிற சக்திச் சீட்டுகளே ஏழெட்டுதான் இருந்தன. அதில் ஒன்றை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆட்டையாம்பட்டி வீட்டில் தனப்பிரியாவின் அத்தை சௌந்திரம் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். "பெரியவங்க பேசிட்டு இருக்கறோம். நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடுங்க" என்றார் சின்னண்ணன். ஆனால் யாரும் பேசவில்லை. நாற்காலியை மேஜைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

தனப்பிரியாவின் சீட்டுகளில் ஒரு மடிப்பில்லை, ஒரு அழுக்கில்லை. எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று சிவக்குமார் வியந்தான்.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றாள். சிரிக்கவில்லை.

அவன் கைக்கு ஆறு சீட்டு வந்தது. ஆறும் துணைவர்கள். இறக்கச் சக்தி இல்லை.

"ஒருத்தரையும் எறக்கலீங்களா?"

"யோசிக்கறேனுங்க."

சக்திக்குப் பதிலாகத் துணைவர்களையே கழித்துக் கட்டலாம் என்பது ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவையும் இன்னொருவரையும் தூக்கிப் போட்டுத் தபால்காரரை இறக்கினான். இப்படியே மூன்று சுற்றில் மூன்று பேரை இறக்க ஆறு பேரைக் காவு கொடுத்தான். நான்காவதாகப் பயில்வான் வந்ததும் சந்தோஷத்தில் அவரையும் படீரென்று வைத்தான்.

தனப்பிரியா குனிந்து மடியில் எதையோ பார்த்தாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தப்புகளைக் குறித்து வைக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தான். மேஜை மறைத்தது.

"மூணு பேருக்கு மேல களத்துல நிக்கக் கூடாதுங்களே" என்றாள்.

காது சுட, ஒருவரை எடுத்தான்.

அடுத்து வில்லன் அவளைத் தாக்கினான். அவளுக்கு உயிர் நான்கு புள்ளிதான் மிச்சம். "நான் தடுக்கறேனுங்க!" என்று கத்தித் தபால்காரரைக் குறுக்கே தள்ளினான். தபால்காரர் செத்தார். அடுத்த அடிக்குப் பயில்வான் போய்ச் சேர்ந்தார்.

சின்னண்ணன் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க தம்பி, கூட இருக்கறவங்களையே முன்னாடி தள்ளி உடறீங்க. நீங்க பின்னாடியே நின்னுக்கறீங்களே?"

அம்மாவுக்குப் புரை ஏறியது.

"இல்லீங்க, இனிமே எல்லா அடியும் எனக்குத்தானுங்க" என்றான் சிவக்குமார்.

சொன்னபடியே வாங்கினான். பத்தாக இருந்த உயிர் ஆறாகி, மூன்றாகி, ஒன்றாயிற்று. இந்தத் தியாகத்தில் வில்லனின் சதிப் புள்ளி சுற்றுக்குச் சுற்று ஏறுவதை ஒருவரும் கவனிக்கவில்லை. அது பன்னிரண்டைத் தொட்டால் ஊர் காலி. இப்போது பதினொன்று.

"உங்க கடைசி ஆளை அனுப்புனா சதி கொறையுமுங்க" என்றாள் தனப்பிரியா. மடியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அனுப்புனா அவரு செத்துருவாருங்களே."

சிவக்குமார் சின்னண்ணனின் முகத்தைப் பார்த்தான். சின்னண்ணன் கண்கொட்டாமல் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவக்குமார் ஆளை அனுப்பவில்லை. வில்லன் சீட்டு புரண்டது. சதி பன்னிரண்டு. ஊர் போயிற்று.

தனப்பிரியா நிமிரவே இல்லை. சௌந்திரம் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சிவக்குமார் எழுந்து நின்றான்.

"மன்னிச்சுக்குங்க. எனக்கு இந்த ஆட்டமே தெரியாதுங்க. உங்களுக்கு உசுருன்னு தரகர் சொன்னாரு. அதுக்காகத்தான் பத்து நாளா உக்காந்து கத்துக்கிட்டேன்."

தனப்பிரியா திடுக்கிட்டுத் தலை தூக்கினாள். மடியிலிருந்த காகிதம் நழுவிக் கீழே விழுந்தது.

சௌந்திரம் டம்ளர்களை அப்படியே மேஜைமேல் வைத்தாள். "இதென்னடி கூத்து? இவருக்கு உசுருன்னு அந்தத் தரகர் சொல்லித்தானே நீ பத்து நாளாச் சோறு தண்ணி இல்லாம இதைக் கத்துக்கிட்டே!"