கட்டத்துக்குள் ஒரு தேதி

துணிக்கடைக்காரர் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடப் போய், தான் சாகப்போகும் தேதியைக் கண்டுபிடித்தார்.

சொந்தபந்தம் எல்லாரும் சேர்ந்து நிரப்புகிற வம்சாவளி இணையதளம் அது. ஆளுக்கொரு கட்டம், இடது பக்கம் பிறந்த தேதி, வலது பக்கம் இறந்த தேதி. உயிரோடு இருப்பவர்களுக்கு வலது பக்கம் காலி. அவருடைய கட்டத்தில் மட்டும் வரும் வியாழக்கிழமை போட்டிருந்தது. இன்று திங்கள்.

"எவனோ தப்பாப் போட்டிருக்கான்" என்று அழித்தார்.

ஒரு நிமிஷத்தில் புதன்கிழமை வந்து உட்கார்ந்தது. அதையும் அழித்தார். செவ்வாய் வந்தது.

கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை அழிச்சீங்கன்னா இன்னைக்குன்னு ஆயிடும். கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

சும்மா இருந்தால் நாளைக்குப் பாடை. கல்லாவில் மின்விசிறி சுற்றியும் அவருக்கு முதுகு நனைந்தது. அப்போதுதான் பக்கத்தின் அடியில் செய்தி எழுதும் இடம் கண்ணில் பட்டது. தட்டினார்.

"ஐயா, தேதியைக் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க."

உடனே பதில் வந்தது. "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

அவருக்கு உயிர் வந்தது. எவ்வளவு என்று கேட்கிறவன் இறங்கி வருகிறவன். முப்பது வருஷம் மீட்டர் கோலைப் பிடித்தவருக்கு இது தெரியாதா?

"நாப்பது வருஷம்."

"இரண்டு."

"என்னங்க இது, வாய் கூசாம சொல்றீங்க! நாலு தலைமுறையா உங்ககிட்டதான் வந்துட்டிருக்கோம். வேற இடம் போனதுண்டா?"

கடைக்குள் பொம்மைகளின் மேல் போர்த்தியிருந்த துணிகள் காற்றில்லாமலே அசைந்தன.

"உண்மைதான். இருபது. ஆனால் நாளைய தேதியை வீணாக்க முடியாது. யார் கட்டத்தில் போட?"

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மனைவி, மகள், அக்கா. ஓரத்தில் மனைவியின் தம்பி. வருஷா வருஷம் ஓசியில் சட்டைத்துணி கிழித்துக்கொண்டு போகிறவன்.

"மச்சான்" என்று தட்டினார்.

"முடிந்தது."

மனைவி சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "யார்கிட்ட இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்ல. ஒரு வியாபாரம்." அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

வாசலில் சிரிப்புச் சத்தம். மச்சானேதான்.

"மாமா, வியாழக்கிழமையப் பார்த்ததும் வேர்த்துடுச்சா? நான்தான் போட்டேன்! சட்டைத்துணிக்கு மூக்கால அழுதீங்கல்ல, அதுக்குத்தான்."

துணிக்கடைக்காரர் எழுந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அட படுபாவி! நீதானா? நல்லவேளை! ஆனாலும் பேரத்துல நீ என்னையே தூக்கிச் சாப்பிட்டுட்டேடா. ரெண்ட இருபதா ஏத்தறதுக்குள்ள என் உயிர வாங்கிட்டியே!"

"என்ன பேரம்?"

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் குனிந்து திரையைப் பார்த்தான்.

"என் போன் ரிப்பேர்ல கிடந்து ரெண்டு நாளாச்சு மாமா. வியாழக்கிழமைன்னு போட்டதோட நான் விட்டுட்டேன்... என் கட்டத்துல நாளைக்குன்னு போட்டிருக்கறது யாரு?"