பிச்சுப் போட்ட பீட்சா

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஊருக்குக் குடிபோனாலும் ஒரு மாதத்துக்குள் அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அதற்கான தண்டனையை ஆறு வருடமாக அனுபவித்து வருகிறேன்.

சென்னையிலிருந்து தென்காசிக்கு மாற்றலாகி வந்தோம். (நானே கேட்டு வாங்கிய மாற்றல். குற்றாலத்துச் சாரல் மண்டைக்குள் ஏறியிருந்தது.) மகள் மிருதுளாவுக்குப் பதின்மூன்று வயது ஆகப்போகிறது. வந்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. மனைவி பேசினாள்.

"பிறந்தநாளுக்கு அங்க சாப்பிட்ட மாதிரி பீட்சா வேணும்னு கேக்கறா. அதுகூட இங்க கிடைக்கலைன்னா நாங்க ரெண்டு பேரும் எங்கம்மா வீட்டுக்கே போயிடறோம். அவ அங்கயே படிக்கட்டும்."

வெறும் மிரட்டல் இல்லை. பழைய பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தே வைத்திருந்தாள்.

மூன்று வாரம் அலைந்தேன். ஒரு பேக்கரியில் பன்னை இரண்டாக அறுத்து, முட்டைக்கோஸைத் தூவி, பீட்சா என்று கூசாமல் கொடுத்தார்கள். கடைசியில் குற்றாலம் போகிற வழியில் ஒரு பரோட்டா கடைக்குள் கண்டுபிடித்தேன். துபாயில் ஒன்பது வருடம் பீட்சா போட்டவர், ஊர் திரும்பி அந்தக் கடையை எடுத்து, பின்னால் தனி அடுப்பு கட்டியிருந்தார். அவரே கொண்டுவந்து வைத்தார். ஒரு முழு பீட்சாவைத் தனியாகத் தின்றுவிட்டுக் கண் கலங்கினேன். குடும்பம் பிழைத்தது என்று நினைத்தேன்.

பிறந்தநாளன்று மகளின் புது வகுப்புத் தோழிகள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். அடுப்பு வாசனை வந்ததும் மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா, அதே ஸ்மெல்" என்றாள். ஒரு மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஊர்க்காரன் ஆயிற்றே, முடியுமா? பரிமாறும் பெரியவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பிறந்தநாள். வெளியாளா நினைக்காம, நம்ம ஊர் முறைப்படி கவனிச்சிருங்க."

"அதச் சொல்லணுமா சார். நான் பாத்துக்கிடுதேன்."

அந்தப் பக்கத்துக் கடைகளில் வேண்டியவர்களுக்குப் பரோட்டாவை முழுசாக வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். பிச்சுப் போட்டு, சால்னாவில் ஊறவைத்துத் தருவதுதான் மரியாதை. பெரியவர் அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆவி பறந்த பீட்சாவைப் பத்து விரலாலும் பிய்த்தார். சீஸ் இழை இழையாக அவர் முழங்கை வரை வந்தது. மேலே இரண்டு கரண்டி கோழிச் சால்னா. நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அவசரப்படாதீங்க சார், உங்களுக்கும் வருது" என்றார்.

"ஏட்டி, சூப்பரா இருக்குட்டி" என்று தோழிகள் வழித்துத் தின்று, இன்னும் சால்னா கேட்டார்கள். மிருதுளா தட்டைத் தொடவில்லை. "அம்மா, போலாம்" என்றாள். கடையை விட்டுப் போகலாம் என்று நான் நினைத்தேன். அவள் ஊரைச் சொன்னாள். அடுத்த மாதமே இருவரும் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். நான் போனில் எதற்காவது வாக்குக் கொடுத்தால், "சால்னா தனியாத்தானேப்பா?" என்பாள். பின்னால் மனைவி சிரிப்பது கேட்கும். நானும் சிரித்துவைப்பேன்.

மகளின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் அந்தக் கடைக்குத் தனியாகப் போகிறேன். பெரியவர் கேட்காமலே பிச்சுப் போட்டு ஊற்றுகிறார். இப்போது எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.