கோபத்தில் போன போன்

இனிமேல் என் வீட்டில் எந்தக் கருவியையும் கண்டபடி உபயோகிக்க விடுவதில்லை! ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இந்த முடிவுக்கு வந்துவிட்டேன். காரணம் எதிரிலேயே இருந்தது.

சோபாவில் என் மடிக்கணினி. அதன் மேல் ஆளுயரத்துக்குத் துணி. அடியில் என் கைக்குட்டைகள்.

“என்னடி இது?”

“துணி மடிக்கிறேங்க. அடியில கதகதன்னு இருக்கா, கைக்குட்டை சுருக்கமெல்லாம் போயிடுது” என்றாள் என் மனைவி.

“அது மடியில வெச்சு வேலை செய்யற கணினி! மடிக்கிற கணினி இல்ல!”

“பேரை அப்படி வெச்சுட்டு என்னைத் திட்டினா எப்படி?”

பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். பால் பாத்திரத்துக்கு மூடியாக டேப்லெட்! அதில் சீரியல் வேறு ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். கண்ணீரா, பாலின் ஆவியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என் தலைக்குள் விசில் அடித்தது.

“அறிவு கெட்டவளே, கம்ப்யூட்டர்னா என்ன தெரியுமா? அறிவு! அறிவை வெச்சுப் பாலை மூடறியே!”

“ஐயா உங்க போனை எதுக்கு உபயோகிக்கிறீங்களாம்?” என்று நிதானமாகக் கேட்டாள். அந்த நிதானத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

“ஆபீஸ் வேலைக்கு!”

“பலூன் உடைக்கிற விளையாட்டுல தோத்துட்டுத் தலையணையைக் குத்தினீங்களே, அது ஆபீஸ் வேலையா?”

“அது... மூளைக்குப் பயிற்சி!”

“போன் இல்லாம உங்களால அரை நாள் தாக்குப்பிடிக்க முடியாதாம். எங்கண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.”

மச்சானா! ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு டிவி ரிப்பேர் என்று ஆளைக் கூப்பிட்டவர், என்னைப் பார்த்துச் சிரிப்பதா?

“யாருக்கு முடியாது? இனிமே இந்தப் போனைத் தொட்டா ஏன்னு கேளு! பேசறதுக்குத்தாண்டி போன். பட்டன் போன் போதும் எனக்கு!”

“சிம்மைக் கழட்டணுமே...”

“கழட்டறேன்! ஊசி குடு!”

ஊசி அவள் கையிலேயே இருந்தது. பரணில் கிடந்த பழைய பட்டன் போன், முழு சார்ஜோடு மேசைமேல் இருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்தது கண் மட்டும்தான். மூளை லீவில் இருந்தது.

“இந்தா! உன் கண்ணாடி உடைஞ்ச போனைத் தூக்கிப் போட்டுட்டு, இதை நீயே வெச்சுக்கோ!”

போன மாதம் வாங்கிய புத்தம்புதுப் போனை அவள் கையில் திணித்தேன். எப்பேர்ப்பட்ட கம்பீரம்! எனக்கே புல்லரித்தது.

அழைப்பு மணி அடித்தது. கூரியர்காரர். வந்த பொட்டலத்தை அவளே வாங்கிப் பிரித்தாள். உள்ளே ரோஜாப்பூப் போட்ட ஒரு கவர். என் போனுக்கு, அதாவது அவள் போனுக்கு, கச்சிதமாகப் பொருந்தியது.

“இதை... எப்போ ஆர்டர் பண்ணினே?”

“முந்தாநாளே பண்ணிட்டேங்க. உங்களுக்குக் கோபம் வரதுக்குத்தான் ரெண்டு நாள் ஆயிடுச்சு.”