முப்பத்தாறில் பதினொன்றாவது படம்

பொறுமை என்னும் புண்ணியம் இந்த உலகத்தில் இன்னும் அழியாமல் இருப்பதற்கு இரண்டு நிறுவனங்கள்தாம் காரணம். ஒன்று திருச்சபை. மற்றது ஓர்லின் கேமரா கம்பெனி. திருச்சபையாவது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது பேசும். ஓர்லின் அப்படி அவசரப்படுவதில்லை.

நான் ஆர்தர். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். கேமரன் மலை 'ஓர்லின் விசுவாசிகள் சங்க'த்தின் செயலாளர். தலைவர் செல்வராஜு, முன்னாள் தலைமையாசிரியர். பொருளாளர் ரொனால்ட், தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை நடத்துபவர். மாதம் ஒருமுறை அவர் கடையின் பின்பக்கம் கூடி, ஜெபம் சொல்லி, கம்பெனியின் மேன்மையைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டுக் கலைவோம்.

உலகமெல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோது நாங்களும் கம்பெனிக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினோம்: நமது டிஜிட்டல் கேமரா எப்போது வரும்? பதினான்கே மாதத்தில் பதில் வந்துவிட்டது. டிஜிட்டல் என்பது நிலைக்கக்கூடியதா, வந்துபோகும் காய்ச்சலா என்று ஆராயக் குழு அமைத்திருக்கிறார்களாம். அடுத்த கடிதத்துக்கு, குழு உட்கார நாற்காலிகள் தேர்வாகிவிட்டன என்று பதில். இதற்குள் பிலிம் கழுவித் தந்த கடைகள் ஈப்போ வரை ஒவ்வொன்றாக மூடின. எங்களில் ஏழு பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். அவர்களுக்குக் கல்யாண ஆர்டர்கள் குவிந்தன. கடவுள் அவர்களை மன்னிப்பாராக.

ரொனால்டுக்கும் அவ்வப்போது விசுவாசம் தளரும். இருபது வருடமாக ஏமாற்றுகிறார்கள் என்று முணுமுணுப்பார். செல்வராஜு சார் அவரைத் திருத்துவார்.

"ஏமாற்றுகிறவன் கடிதம் போடுவானா, ரொனால்ட்? நம்மை மதித்துக் கடிதம் போடுகிறான்."

சென்ற ஆண்டு அந்தப் பொன்னாள் வந்தது. 'ஓர்லின் டி-ஒன்று' வெளியானது. சங்கமே சேர்ந்து ஒன்று வாங்கினோம். அதன் சிறப்புகளைச் சொல்லாமல் விடுவது பாவம். பின்னால் திரை கிடையாது. எடுத்த படத்தை உடனே பார்க்கும் ஆசை மனிதனைக் கெடுக்குமாம். மொத்தம் முப்பத்தாறு படங்கள். முப்பத்தாறும் எடுத்து முடித்தால்தான் கேமராவின் பூட்டு திறக்கும். பிறகு அதைத் தலைமையகத்துக்கு அனுப்பவேண்டும். மூன்று வாரத்தில் உள்ளிருக்கும் படங்களை அவர்களே வெளியே எடுத்துத் தருவார்கள். டிஜிட்டல் யுகத்தின் வேகத்தை இவ்வளவு நிதானமாக வேறு யாராலும் அளிக்க முடியாது.

இங்கே லூயிஸைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சங்கத்தின் உறுப்பினர் அல்ல. கேமரா இல்லாதவர் எப்படி உறுப்பினராக முடியும்? எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவர். முப்பது வருடம் எங்கள் கேமரா முக்காலியைத் தோளில் சுமந்து மேடேறியவர். மழை வந்தால் தன் மழைக்கோட்டைக் கழற்றி கேமராவுக்குப் போர்த்துவார், தான் நனைவார். பிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, மிச்சம் இருந்தால் குடிப்பார். எங்கள் ஆல்பங்களில் தேயிலைச் சரிவு இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, லெம்பா பெர்த்தாமின் முட்டைக்கோஸ்கூட இருக்கிறது. லூயிஸ் இல்லை. போனில் எடுக்க யாராவது வந்தால் அவரே கையால் முகத்தை மறைத்துக்கொள்வார். "போன்ல எடுக்கிறது படமாலா? நம்ம கிராணி ஐயா ஒருநாள் எடுப்பாரு" என்பார். போனில் எடுப்பது படமல்ல என்று அவருக்குப் போதித்தவன் நான்தான். எவ்வளவு நல்ல மாணவர் பாருங்கள்.

டி-ஒன்று வந்தபின், மனிதத் தோலில் லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று சோதிக்க லூயிஸை நிறுத்தி ஒன்று எடுத்தேன். அது பதினொன்றாவது படம். தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார். மறுவாரம், கொழுந்து ஏற்றிவரும் வழியில் நெஞ்சுவலி. லோரியை ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டுவிட்டுத்தான் இறந்தார். பின்னால் வந்தவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

எட்டாம் நாள் அவர் மனைவி அற்புதம்மாள் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். நாற்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கவேண்டும். அட்டையில் போட வீட்டில் ஒரு படமும் இல்லை. அடையாள அட்டையான ஐசியைக்கூட மரணப் பதிவின்போது வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் எடுத்த அந்த ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தரமுடியுமா என்று கேட்டார்.

ரொனால்ட் உடனே கணக்குப் போட்டார். "இன்னும் இருவத்தஞ்சுதானே இருக்கு? இந்தச் சுவத்தப் பாத்து இருவத்தஞ்சு தடவ அமுக்குனா முடிஞ்சிச்சிலா. நாளைக்கே தபால்ல போட்டுடலாம்."

செல்வராஜு சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சுவருக்கு என்ன தகுதி இருக்கிறது?"

"தகுதியா? அது சுவருலா சார்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

நான் கம்பெனியின் கையேட்டைத் திறந்து ஏழாம் பக்கத்தை உரக்க வாசித்தேன். அர்த்தமற்ற படங்கள் எடுக்கும் வாடிக்கையாளரின் விசுவாசம் மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படும் என்று அதில் தெளிவாக இருந்தது. முப்பது வருட விசுவாசம். ஒரு சுவருக்காக அதை இழப்பதா? வாக்கெடுப்பு நடந்தது. தலைவர் எதிர்ப்பு, ரொனால்ட் ஆதரவு. முடிவு என் கையில் இருந்தது. ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு எதிர்த்தேன். படங்களை 'வீணாக்க' அனுமதி கோரிக் கம்பெனிக்கு எழுதுவதென்றும், அதுவரை தகுதியுள்ள காட்சிகளுக்குக் காத்திருப்பதென்றும் தீர்மானம் நிறைவேறியது. அற்புதம்மாளுக்கு இரங்கலும் அதே தீர்மானத்தில் இரண்டாம் பத்தியாகச் சேர்க்கப்பட்டது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. நான்கு விடியற்காலைகளில் மேட்டில் போய் நின்றோம். முக்காலியை நாங்களே சுமந்தோம். அது இவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூடுபனி ஒத்துழைத்தது மூன்று தடவைதான். கணக்கு பதினான்கில் நின்றது.

நாற்பதாம் நாளும் வந்தது. கோவிலில் நல்ல கூட்டம். வாசலில் நின்று அற்புதம்மாள் எல்லார் கையிலும் நினைவு அட்டையைக் கொடுத்தார். லூயிஸின் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அச்சகத்தார் வைத்திருந்த ஒரு லில்லிப் பூ. கம்போங் ராஜாவிலிருந்து வந்த ஒருவர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே எல்லாருக்கும் தேத்தண்ணி. அற்புதம்மாள் எனக்கும் ஒரு குவளை கொண்டுவந்து தந்தார். என் கழுத்தில் டி-ஒன்று தொங்கியது. இன்னும் இருபத்திரண்டு படங்கள் பாக்கி. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். கம்பெனியின் பதில் இன்னும் வரவில்லை என்றும், ஆனால் நமது கடிதம் கிடைத்ததற்கான அத்தாட்சி அடுத்த ஆண்டுக்குள் உறுதியாக வந்துவிடும் என்றும் ஆறுதல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கம்பெனிக்காரன் எம் புருசன கண்ணால பாத்ததில்ல, ஐயா. அவன் சட்டம் பேசுவான், பேசிட்டுப் போறான். நீங்க முப்பது வருசமா அவரு ஊத்துன தேத்தண்ணிய குடிச்சீங்க. இருவத்தஞ்சு தடவ அமுக்குறதுக்கு ஒங்களுக்கு என்னாங்கய்யா கஷ்டம்?"

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து, 'கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன்' என்று என்னால் சொல்ல முடியாமல் போன ஒரே கேள்வி அதுதான்.