இந்த உடம்புக்கு அந்த முகம்

ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. இட்லியைப் பிட்டுக்கொண்டே தோசையைப் புகழ்வார். தோசை வந்தால் இட்லிக்கு ஏங்குவார். கல்யாணப் பெண்ணைப் பார்த்ததும் அவள் அக்காவை விசாரிப்பார். ஒன்றை ஒன்றாகவே பார்ப்பது இவருக்கு அவமானம்.

ஆரணியில் இந்த இனத்தின் தலைவர் பட்டுக்கடை பலராமன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, தொழில் அப்படி. ஒரு புடவையைத் தனியாகக் காட்டினால் யார் வாங்குகிறார்கள்? ஆனால் எழுபத்தெட்டாம் வருஷம் நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் எடுத்து வந்தார். இடது பக்கம் கிரேக்கச் சிலைகள், வலது பக்கம் ஆதிக் கிறிஸ்தவச் சிலைகள். எதையும் நேரில் கண்டதில்லை, கண்டவரையும் கண்டதில்லை. அதனால் என்ன? "கிரேக்கன் உடம்பச் செதுக்கினான், கிறிஸ்தவன் உள்ளத்தச் செதுக்கினான்" என்று வெற்றிலை போடும் முன்பும் பின்பும் சொல்லலானார். பஸ் கண்டக்டரிடம் சொன்னார். பல் பிடுங்க வந்த டாக்டரிடம், வாய் திறந்த நிலையிலேயே சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, கோபுரங்களுக்குச் சுதை பொம்மை செய்யும் எல்லப்பனுக்கு ஊரோரத்து மாதா கோயிலில் வேலை கிடைத்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பர்; சிமெண்டில், கிறிஸ்துமஸுக்குள். நன்றாக அமைந்தால் வேலூர்க் கோயில்களிலும் சொல்வதாகப் பாதிரியார் கூறியிருந்தார். உச்சியில், காக்கை மட்டும் பார்க்கும் பொம்மைகளையே செய்துவந்தவனுக்கு, மனிதர்கள் அருகில் நின்று பார்க்கப்போகும் முதல் சிலை.

பலராமன் புத்தகத்தோடு வந்தார். யாரும் அழைக்கவில்லை. இந்த இனத்தை அழைக்க வேண்டியதில்லை.

"இன்னா எல்லப்பா, உன் மேய்ப்பர் கிரேக்கரா, ஆதிக் கிறிஸ்தவரா?"

"மேய்ப்பருங்க மொதலாளி."

"அட போப்பா! தோள்ல குட்டி தூக்கறதே கிரேக்கன் செஞ்சது. அவன் செஞ்சா ஒரு கால்ல பாரம், இடுப்பு லேசா சாயும், சதை துடிக்கும். இவங்க செஞ்சா ஒடம்பு குட்டை, தலை பெருசு, கண்ணு இம்மாம் பெருசு, மேலயே பாத்துகினு இருக்கும். ஒண்ண மட்டும் வெச்சா எது நல்லதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டும் செய்!"

"சிமெண்டு காஞ்சிகினு போவுது, பேஜார் பண்ணாதீங்க மொதலாளி."

பண்ணினார். பாதிரியாரிடம் புத்தகத்தை விரித்தார். பாதிரியார் அடக்கமானவர், தலையாட்டினார். இரண்டு மேய்ப்பர்கள் எழுந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் சுற்றி நின்றது. பாதிப் பேர் தறிக்காரர்கள். மீதிப் பேர் பலராமன் கடையில் புடவை எடுத்தவர்கள். மாதர் சங்கத்துப் பொன்னியம்மாள் இரண்டு சிலைகளையும் மேலும் கீழும் பார்த்தார். எதிரில் இரண்டு புடவை விரித்தால் ஆரணியில் என்ன சொல்வார்களோ அதையே சொன்னார்:

"இதுல பாடி எடுப்பா இருக்குது. அதுல முந்தி நல்லாருக்குது. இந்த ஒடம்புக்கு அந்த மூஞ்சியப் போட்டுக் குடுத்துடுங்க."

"அதான், அதான்!" என்றது கூட்டம்.

எல்லப்பன் உளியை எடுத்தான். பயில்வான் உடம்பின்மேல் பூசணிக்காய் அளவுத் தலை உட்கார்ந்தது. கண்கள் வானத்தை வெறித்தன. தோளில் இடமில்லாத ஆட்டுக்குட்டி, தாடைக்கு அடியில் நசுங்கி, கீழே குதிக்க வழி தேடியது. கிறிஸ்துமஸன்று பாதிரியார் சிலைக்கு மாலைமேல் மாலையாகப் போடச் சொன்னார், கழுத்து தெரியாத அளவுக்கு. வேலூரில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பலராமன் இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மொதல்ல செஞ்ச ரெண்டும் இதவிட நல்லா இருந்தது, எல்லப்பா."

எல்லப்பன் இப்போது சுவர் பூசுகிறான். போன மாதம் எங்கள் தெருவில் பூசிக்கொண்டிருந்தபோது பலராமன் வந்து நின்று, "எதிர் வீட்டுச் சுவரு..." என்று ஆரம்பித்தார். எல்லப்பன் பூச்சுக் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

பலராமனை உங்களுக்கும் தெரியும், இல்லையா? உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பலராமன் எவ்வளவோ மேல் என்றுதானே இப்போது நினைத்தீர்கள்?

இந்தாருங்கள், கரண்டி.