சிப்பின் காதில் விழுந்த வேண்டுதல்

பொறியாளர்களுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பார்கள். புது சிப் வந்து, அதற்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கும் நேரத்தில் வந்து பாருங்கள். அத்தனை சாமியும் எங்கள் லேபில்தான் இருக்கும்.

பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் நான் சிப் டிசைனர். மைக்கில் விழும் குரலை எண்களாக மாற்றித் தரும் சிப் ஒன்றை வடிவமைத்திருந்தோம். விவசாயி "மோட்டாரைப் போடு" என்றால் பம்ப்செட் ஓட வேண்டும். அதற்கு முதலில் அவர் குரல் ஒழுங்காகக் கேட்க வேண்டும். கேட்டது. கூடவே 'கொர்ர்' என்று ஓர் இரைச்சலும் கேட்டது. அது எங்கிருந்து வருகிறதென்று வாரக்கணக்கில் தேடியும் பிடிபடவில்லை. காங்கேயத்திலிருந்து மோட்டார் கம்பெனி முதலாளி சென்னியப்பன் பார்க்க வந்த அன்று காலை, அது தானாகவே நின்றுபோயிருந்தது. (ஏன் என்று கேட்காதீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.)

அவர் ஆர்டர் கொடுத்தால்தான் கம்பெனி நிமிரும். அதனால் எல்லாமே கணக்கு, அதிர்ஷ்டத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று அளந்துவிட்டேன். மேனேஜரும் பலமாகத் தலையாட்டினார்.

சிப் தன் பங்குக்கு எந்த இரைச்சலும் சேர்ப்பதில்லை என்று காட்ட, ஆளில்லாத அறையின் அமைதியைப் பதிவு செய்வது என் திட்டம். ஃபேனை நிறுத்தி, ரெகார்டிங்கை ஓடவிட்டு, எல்லோரையும் காபிக்கு அனுப்பினேன். கடைசியாக வெளியேறியவள் நான்.

திரும்பி வந்து ஸ்பீக்கரில் போட்டேன். அவ்வளவு சுத்தமான அமைதியை அதுவரை நான் கேட்டதில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. பிறகு வளையல் உரசும் சத்தம். அப்புறம், உதட்டை மட்டுமே அசைத்ததாக நான் நினைத்திருந்த என் குரல்:

"ஆத்தா மாசாணி, இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியல. இன்னைக்கு ஒரு நாள் காப்பாத்திப்போடு. ஆனமலைக்கு நடந்தே வாரேன்."

மேனேஜர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த அவமானத்துக்கு நடுவே உடம்பு சிலிர்த்தது. அறையின் அந்தக் கோடியில், கதவருகே நின்று நான் விட்ட மூச்சு அது. அதை விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு சிலிக்கான் துண்டு சிந்தாமல் எண்ணி வைத்திருந்தது. வேண்டுவதற்கு முன் நான் எச்சில் விழுங்கியதுகூட அதில் இருந்தது.

சென்னியப்பன் இன்னொரு தடவை போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். கதவுக்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அங்க நின்னு மனசுக்குள்ள வேண்டுனதே இதுக்குக் கேக்குதுன்னா, தோட்டத்துல நின்னு கத்தறது கேக்காதுங்களா? ஆர்டர் போட்டுக்கலாமுங்க. ஆனா நீங்க நடந்துபோட்டு வந்த பொறவுதானுங்க கையெழுத்து."

வழக்கமாக என்றால் பஸ்ஸில் போய் ஆத்தாவிடம் பேசித் தீர்த்திருப்பேன். இதுதான் சாட்சியோடு பதிவாகிவிட்டதே. நடந்தேன். ஆனைமலை மாசாணியம்மன் கோயில் பீளமேட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் பாதமெல்லாம் கொப்புளம். தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வந்த என் கணவர், ஒரு வார்த்தை பேசவில்லை.

(இரைச்சலின் காரணம் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு அன்று விடுமுறை. சென்னியப்பனிடம் சொல்லிவிட்டு, அதற்கும் சிப்பில் ஒரு வழி செய்தோம்.)

நடந்த அன்று பேசாததை என் கணவர் இப்போது பேசித் தீர்க்கிறார். புது டிசைன் தொடங்குகிறேன் என்று நான் சொன்னால் போதும், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமலே சொல்வார்:

"இந்தத் தடவை பக்கத்துல இருக்கற சாமியாப் பாத்து வேண்டிக்க, அம்மணி."