டப்பிங் அக்கா ஏற்காத கிளைமாக்ஸ்

மலையாளக் குடும்பப் படங்களை எடுப்பவர்களைவிட அவற்றின் நியாயம் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் போடிநாயக்கனூர்க்காரர், ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பவர். நாங்கள் வைத்த பெயர் டப்பிங் அக்கா. சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆபீசில் நான் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் ஏறவேண்டும். ஜீப் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது வளைவுக்கு வளைவு இருமும், முக்கும். பக்கத்தில் இருப்பவர் காதைக் கடித்தாலும் அலறல் கேட்காது. இந்த லட்சணத்தில் யாராவது போனில் மலையாளப் படம் போடுவார்கள். படம் தெரியும், சத்தம் கேட்காது. அப்போது அக்கா தொண்டையைச் செருமுவார். அத்தனை பாத்திரங்களுக்கும் அவரே தமிழ் பேசுவார், அந்தக் குரலில் எஞ்சின் சத்தமே அடங்கிப்போகும். சாதுவான கதாநாயகிகூட அவர் வாயில் விழுந்தால் தேவாரம் ஊர்ச் சந்தைக்காரி மாதிரி வெளுத்து வாங்குவாள்.

ஜீப்பை ஓட்டியவர் அக்காவின் புருஷன். இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம் இதுதான். ஒருநாள் சாயங்காலம், ஸ்டோரில் காய் குறைகிறது என்று கங்காணி எஸ்டேட் வாசலில் நின்று எல்லாரையும் முறைத்தார். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற வேலை கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்த இந்த மனிதர், யாரும் கேட்காமலே பெண்டாட்டியின் கட்டைப்பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினார். விழுந்தது ஒரு தூக்குவாளியும் கொஞ்சம் வெற்றிலையும். அக்கா அவற்றைப் பொறுக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வேறு ஜீப் பார்ப்பார் என்று நினைத்தோம். அதே ஜீப்பில் ஏறி, கட்டின புருஷனைப் பார்த்து, "டிரைவரண்ணே, போகலாம்" என்றார். அன்றைக்கு அண்ணன் வண்டி ஓட்டிய அழகில் நாங்கள் உயிரோடு போய்ச் சேர்ந்ததே பெரிது.

அப்புறம் வந்தது அந்தப் படம். மனைவியைச் சந்தேகப்பட்டு ஊர் முன்னால் அவமானப்படுத்துகிறான் ஒருவன். கடைசியில் அடுப்படிக்கு வந்து அழுகிறான். அவள் உருகி அணைத்துக்கொள்கிறாள். ஜீப்பே மூக்கை உறிஞ்சியது. அக்கா மட்டும் கதாநாயகிக்காக ஓங்கிப் பேசினார்.

"வாசல்ல வச்சு அசிங்கப்படுத்திட்டு அடுப்படியில வந்து அழுறீகளோ? போயி அதே வாசல்ல நின்னு சொல்லுங்க. அதுவரைக்கும் ஒலையும் கெடையாது, ஒறவும் கெடையாது."

பக்கத்தில் இருந்த பெண் போனைக் காட்டி, "அக்கா, அவதான் கட்டிப் பிடிச்சுட்டாளே" என்றாள்.

"அது அவுக எடுத்த படம், ஆத்தா. நான் சொல்றது நியாயம்."

முன்சீட்டில் இருந்த எனக்கு, அண்ணன் பின்கண்ணாடியில் அக்காவையே பார்த்தது தெரிந்தது. அன்று சாயங்காலமே அவர் அக்காவின் தங்கச்சி வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் மன்னிப்பை முணுமுணுத்தாராம். அக்கா கதவைச் சாத்திவிட்டார். கொல்லைப்பக்கம் கேட்கிற மன்னிப்பு தோட்டத்துக்கு எப்படித் தெரியும்? அங்கே சிலர் இன்னும் அக்காவைக் களவாணி என்றுதானே ஜாடை பேசினார்கள்!

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் எஸ்டேட் வாசலில் எல்லாரும் ஜீப்பில் ஏறுகிற நேரம். கங்காணியும் நின்றார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஏதோ சொன்னார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"சத்தம் பத்தல" என்றார் அக்கா. "எஞ்சின அமத்திட்டு, எறங்கி வந்து சொல்லுங்க."

அந்த ஜீப்பை நிறுத்தினால் தள்ளாமல் கிளம்பாது. அது மலைக்கே தெரியும். அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சாவியைத் திருப்பிவிட்டு இறங்கினார்.

"இவ ஒரு காயக்கூடத் தொட்டதில்ல. சோலி போயிருமோன்னு பயந்து, நாந்தேன் பொண்டாட்டிய நம்பாம பையக் கொட்டுனேன். அது ஈனப் புத்தி. எல்லாருங் கேட்டுக்கங்க."

கங்காணி தன் செருப்பைப் பார்த்தார். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்று உறுதியானதும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஜீப்பின் பின்னால் வந்து கையை வைத்தார். சும்மா நின்ற கங்காணியையும் கூப்பிட்டுத் தள்ளவிட்டார்.

முன்சீட்டை நான் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். மலை இறங்கும்வரை இருவரும் என்னவோ பேசிக்கொண்டே போனார்கள். இரைச்சலில் எங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரும் கேட்க ஆசைப்படவும் இல்லை. எனக்கென்று ஒரு கூடப்பிறந்தவள் இருந்தால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.